இழுப்பு உள்ள பிள்ளை எப்படித் தூங்குகிறான் என்றும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு வரும் ஆஸ்துமா பற்றி உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. இன்ஹேலர் 'பழகிவிடும்' என்று பயப்படத் தேவையில்லை என்ற பகுதியைக் கத்தரித்து எங்கள் விடுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் படிக்கட்டும். ஒரே ஒரு குறை. கட்டுரை முழுக்கப் பகல்தான். ஓடினால் இளைக்கும், தூசு பட்டால் இருமும், பள்ளிக்கு லீவு போடும். அதே பிள்ளை இரவில் எப்படித் தூங்குகிறது என்பது பற்றி ஒரு வரியும் இல்லை.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு மாணவர் விடுதியில் காப்பாளர். மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் பெற்றோருக்கும் டாக்டருக்கும் வாய்க்காத ஒன்று எனக்கு வாய்த்திருக்கிறது: ஒரே கூடத்தில் நாற்பது பையன்கள் தூங்கும் சத்தம். வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளை குறட்டை விட்டால், அவன் தூங்கும் விதமே அதுதான் என்று வீடு பழகிவிடும். நாற்பது கட்டில்களில் நாலைந்தில் மட்டும் அந்தச் சத்தம் வந்தால் காது தானாக அங்கே போகும். போய்ப் பார்த்தால், அந்தக் கட்டில்களில் கிடப்பவர்கள் பெரும்பாலும் என் நோட்டில் 'வீசிங்' என்று எழுதி வைத்திருக்கும் பையன்கள். இல்லையென்றால் வருஷம் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரிபவர்கள். இது தற்செயலாக நடப்பதில்லை என்று சொல்லத்தான் இக்கடிதம்.

சத்தத்திலேயே வகை உண்டு. ஜலதோஷக் குறட்டை ஒரே தாளத்தில் போகும். சளி போனதும் அதுவும் போய்விடும். வீசிங் என்பது குறட்டையே இல்லை. மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து வரும் மெல்லிய விசில். பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும். மூன்றாவது வகைதான் என்னைக் கட்டிலோரம் நிற்க வைப்பது. குறட்டை ஏறிக்கொண்டே போகும், சட்டென்று நிற்கும். அப்பாடா என்றிருக்கும். ஆனால் முகத்தில் அடிக்காமல் டார்ச்சைச் சுவரில் அடித்து அந்த வெளிச்சத்தில் பார்த்தால், பையன் மூச்சு விட முயன்றுகொண்டுதான் இருப்பான். வயிறு எழும்பும், நெஞ்சுக்கூடு உள்ளே குழியும், விலா எலும்புகளுக்கு நடுவே தோல் இழுபடும். காற்று மட்டும் போகாது. சில நொடி கழித்து ஒரு திணறல், ஒரு துள்ளல், புரண்டு படுப்பான், மறுபடி குறட்டை. காலையில் கேட்டால் அவனுக்கு ஒன்றுமே தெரியாது. 'நல்லாத் தூங்குனேன் சார்' என்பான்.

இதை டாக்டர்கள் ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். பெரியவர்களுக்கு, அதிலும் பருத்த உடம்புக்காரர்களுக்கு வருவது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். குழந்தைகளிடம் இதற்கு முதல் காரணம் தொண்டையின் இருபக்கம் இருக்கும் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அடினாய்டு சதையும் பெருத்திருப்பதுதான். உடல் எடை அதற்கப்புறம் வருவது. பெரியவர்களுக்கு மணிக்கு ஐந்து தடவைக்குக் குறைவாக மூச்சு தடைபட்டால் தூக்க மருத்துவர்கள் பெரிதாக எடுப்பதில்லை. குழந்தைக்கு மணிக்கு ஒரு தடவையைத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். பகலில் தெரியும் அடையாளமும் வேறு. ஆப்னியா உள்ள பெரியவர் பஸ்ஸில் உட்கார்ந்தவுடன் தூங்கி விழுவார். பிள்ளை பெரும்பாலும் நேர்மாறு: ஒரு இடத்தில் உட்காராது, எரிந்து விழும், பாடத்தில் மனசு நிற்காது.

அப்படி ஒரு நாலாம் வகுப்புப் பையன் எங்களிடம் இருந்தான். எஸ்டேட் லயன் (தொழிலாளர் வரிசை வீடு) வீட்டுப் பிள்ளை, அப்பாவுக்குத் தேயிலை பேக்டரியில் வேலை. அவன் மூக்கின் குறுக்கே நடுவில் ஒரு கோடு உண்டு. உள்ளங்கையால் மூக்கைக் கீழிருந்து மேலாகத் தேய்த்துத் தேய்த்து விழுந்த மடிப்பு அது. அலர்ஜி உள்ள பிள்ளைகளின் முகத்தில் பார்க்கலாம். கண்ணுக்குக் கீழே கருவளையம். வாய் எப்போதும் சற்றுத் திறந்தே இருக்கும், உதடு வெடித்திருக்கும். பள்ளியிலிருந்து 'சேட்டை அதிகம், கவனம் இல்லை' என்று எழுதி வரும். தலையணையைத் தள்ளிவிட்டுக் கழுத்தை அண்ணாந்து வளைத்துத் தூங்குவான். குளிரிலும் தலை வியர்த்திருக்கும். படுக்கை நனைந்துவிடும். விடுதியில் படுக்கையை நனைக்கும் பையன் படும் பாட்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூச்சு அடைபடும் இரவுகளில் உடம்பில் சிறுநீர் அதிகம் சுரக்கும், தூக்கமும் ஒழுங்காக இராது, அதனால் இப்படி ஆகும் என்று அப்புறம்தான் தெரிந்தது. படுக்கை நனைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. குறட்டையும் சேர்ந்து இருந்தால் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அவன் பாட்டியிடம் சொன்னபோது, 'இவங்க தாத்தாவும் இப்படித்தான் சார், அசந்து தூங்குவாரு, லயனே அதிரும்' என்று சிரித்தார். முதலில் காட்டிய இடத்தில் நெபுலைசர் வைத்து, இருமல் சிரப் எழுதிக்கொடுத்து, குறட்டைக்கு 'வளர்ந்தா சரியாயிடும்' என்றார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. அடினாய்டு வயது ஏற ஏறச் சுருங்குவது வழக்கம்தான். ஆனால் வாய்ப்பாடும் வாசிப்பும் மனதில் ஏற வேண்டிய வருஷங்களை ஒரு பிள்ளை அரைத் தூக்கத்தில் கழித்துவிட்டு அப்புறம் சரியாவதில் யாருக்கு லாபம்? வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான்.

நெஞ்சுக்கும் மூக்குக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று பாட்டி கேட்டார். கோவையில் காது மூக்கு தொண்டை டாக்டர் எனக்கு விளக்கியதை நான் அவருக்குச் சொன்னேன். மூக்கிலிருந்து நுரையீரல் வரை மூச்சுப்பாதை ஒன்றேதான். மேலே அலர்ஜி இருந்தால் கீழேயும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆஸ்துமா உள்ளவர்களில் மிகப் பலருக்கு மூக்கு அலர்ஜியும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 2001-இல் வெளியான 'ஆரியா' வழிகாட்டுதல் இதைத்தான் அழுத்திச் சொன்னது: மூக்கு அலர்ஜி என்று வந்தால் ஆஸ்துமா இருக்கிறதா பார், ஆஸ்துமா என்று வந்தால் மூக்கையும் பார்.

படுத்தவுடன் மூக்கின் உட்சவ்வில் ரத்தம் தேங்கும். அலர்ஜிப் பிள்ளைக்கு ஏற்கெனவே வீங்கியிருக்கும் சவ்வு இன்னும் வீங்கும். மூக்கு அடைத்தால் வாய் திறக்கும். வாய் திறந்தால் தாடை தொங்கும், நாக்கு பின்னால் சரியும். அடைத்த மூக்கு வழியாகக் காற்றை இழுக்க நெஞ்சு பலம் கொண்ட மட்டும் இழுக்கும். அந்த இழுவையில் தொண்டையின் மெல்லிய சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளும். காகித ஸ்ட்ராவின் நுனியை நசுக்கிக்கொண்டு உறிஞ்சிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இதன்மேல் அடினாய்டும் பெருத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

நெஞ்சுப் பக்கமும் இதே கதைதான். காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டி அனுப்புவது மூக்கின் வேலை. வாய் அந்த அளவுக்குச் செய்யாது. மார்கழி இரவில் நம் ஊர்க் காற்று வாய் வழியாக நேரே உள்ளே இறங்கினால் ஆஸ்துமாக்காரனின் மூச்சுக்குழாய் சும்மா இருக்குமா? மூக்கின் பின்வழியாகச் சளி தொண்டையில் வடிந்து இருமலைக் கிளப்பும். அடைத்த மூச்சை இழுக்கும் வேகத்தில் வயிற்று அமிலம் மேலே வந்து எரிச்சல் கொடுப்பதும் உண்டு. ஆஸ்துமாவோ இயல்பாகவே பின்னிரவில் கூடும் நோய். ஆக ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு வர வாய்ப்பு கூடுதல். மூச்சடைப்பு உள்ள பிள்ளைக்கு ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைப்பது கஷ்டம். நாமோ நெஞ்சுக்கு ஒரு டாக்டர், மூக்குக்கு ஒரு மருந்துக்கடைக்காரர், குறட்டைக்கு ஒரு சிரிப்பு என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

சமவெளியிலிருந்து வருகிறவர்கள் 'உங்களுக்கென்ன சார், சுத்தமான காத்து' என்பார்கள். வெள்ளைக்காரர்கள் உடம்பு தேறுவதற்காக ஏறி வந்த மலை இது. அந்தப் பேர் இன்னும் போகவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே ஒரு விடுதியில் தங்கிப் பார்க்கட்டும். துவைத்த போர்வை கொடியில் நாள்கணக்கில் தொங்கி, காயாமல், கடைசியில் படுக்கைக் கூடத்துக்குள்ளேயே வந்து சேரும். ட்ரங்குப் பெட்டியை நகர்த்தினால் பின்சுவரில் கரும்பூஞ்சை. இந்த ஈரத்தில்தான் தூசு உண்ணி வாழ்கிறது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. தண்ணீர் குடிக்காது, காற்றில் உள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்துகள்தான் அதற்குச் சாப்பாடு. காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதற்குப் பிழைப்பு இல்லை. சுவிட்சர்லாந்தின் தாவோஸ் போன்ற வறண்ட உயர்மலை ஊர்களில் இந்த உண்ணி அரிது. அதனால்தான் அந்தக் காலத்தில் ஆஸ்துமாப் பிள்ளைகளை அங்கே அனுப்பித் தேற்றினார்கள். நீலகிரியும் உயரமான மலைதான். ஆனால் நனைந்த மலை. ஈரமும் உடல்சூடும் தோல்துகளும் ஒன்றாகக் கிடைக்கும் இடம், பிள்ளை மூக்கு வரை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் கம்பளி.

லயன் வீடுகளில் விறகடுப்புப் புகை இன்னும் முழுதாகப் போகவில்லை. மூடிய அறையில் கரி மூட்டிக் குளிர்காய்ந்தபடி தூங்கி உயிர்போன செய்திகள் உங்கள் பத்திரிகையிலேயே வருகின்றன. அது வேறு விஷயம், ஆனால் உயிரை எடுக்காத அளவுக்கு இருக்கும் புகையும் பிள்ளையின் மூக்கைச் சும்மா விடாது. தேயிலைத் தூசும் மூச்சுக்குழாயைத் தூண்டக்கூடியது. சலிப்பு, பேக்கிங் பகுதியில் வேலை பார்ப்பவர்கள் உடுப்பை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினால் நல்லது.

உயரத்தையும் சொல்ல வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. கோத்தகிரி சற்றுத் தேவலை. மலைவாசிக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சமவெளிக்காரரைவிட ஓரிரு புள்ளி குறைவாகவே தொடங்கும். அந்த நிலையில் தூக்கத்தில் மூச்சு அடைபட்டால் சரிவு இன்னும் சீக்கிரம் வரும். கோவையில் எடுத்த தூக்கப் பரிசோதனையின் எண்ணை வைத்து இங்கே இரவில் எப்படி இருக்கும் என்று முடிவு கட்டும்போது இதையும் டாக்டரிடம் நினைவூட்டலாம்.

எங்கள் ஊர்ச் சரக்கான யூகலிப்டஸ் தைலத்தைப் பற்றிச் சொன்னால் அக்கம்பக்கத்தில் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் சொல்கிறேன். தைலமும் மெந்தாலும் மூக்கு திறந்த மாதிரி ஓர் உணர்வைத் தரும்; வீக்கத்தைக் குறைக்காது. கைக்குழந்தைக்குத் தடவக் கூடாது, யாருக்கும் மூக்கினுள் விடக் கூடாது, உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. வலிப்பு வரை கொண்டுபோய் விடும். ஆஸ்துமாப் பிள்ளைகள் சிலருக்கு அந்த நெடியே இழுப்பைக் கிளப்பிவிடும். மருந்துக்கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து இன்னொன்று. விட்டவுடன் திறக்கும், அதனால் அதன்மேல் தனி நம்பிக்கை. நாலைந்து நாளுக்கு மேல் விட்டுக்கொண்டே இருந்தால், நிறுத்தும்போது முன்பைவிட மோசமாக அடைக்கும். குழந்தையைத் தூங்க வைக்க இருமல் சிரப் கொடுப்பதையும் நிறுத்தலாம். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் லேபிளிலேயே போடச் சொன்னது.

எங்கள் பையனுக்கு டாக்டர் முதலில் கொடுத்தது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. 'ஸ்டீராய்டா!' என்று பாட்டி பதறினார். மூக்கின் சவ்வோடு நிற்கும் சிறிய அளவு அது என்று புரியவைக்க வேண்டியிருந்தது. அதை அடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால் பிடிக்க வேண்டும். அப்போது மருந்து நடுச்சுவரில் படாமல் காதுப் பக்கமாகப் போகும். நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் கசியும், 'மருந்து ஒத்துக்கல' என்று விட்டுவிடுவார்கள். அடித்தவுடன் சக் என்று உறிஞ்சவும் கூடாது, தொண்டைக்குப் போய்விடும். இது உடனே வேலை செய்யாது, பலன் முழுதாகத் தெரிய வாரங்கள் ஆகும். அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் கொடுக்கும் மாண்டெலூகாஸ்ட் மாத்திரையும் சில பிள்ளைகளுக்குத் தருகிறார்கள். அதைச் சாப்பிடும்போது கெட்ட கனவு, எரிச்சல், மனமாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-இல் அதற்குக் கடுமையான எச்சரிக்கை போட்டிருக்கிறது.

விடுதியில் நாங்கள் செய்தது பெரிய காரியமெல்லாம் இல்லை. கம்பளியை வாராவாரம் துவைக்க முடியாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் நெருக்கமான பருத்தித் துணியில் உறை தைத்துவிட்டோம். உறையை மட்டும் கழற்றி, சமையல் அக்கா கொதிக்க வைக்கும் வெந்நீரில் ஊறப்போட்டுத் துவைக்கிறோம். 60 டிகிரிச் சூட்டில் உண்ணி சாகும். வெயில் அடிக்கும் நாளில் மெத்தைகள் வெளியே வரும். ஈரத்துணி கூடத்துக்குள் வருவதில்லை, சமையல்கட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டாகிவிட்டது. ட்ரங்குப் பெட்டிகள் சுவரிலிருந்து ஒரு கை தள்ளி நிற்கின்றன. அப்புறம், பெற்றோர் சம்மதத்தோடு செல்போனில் இரண்டு நிமிஷ வீடியோ: வெறும் நெஞ்சும் வயிறும் குறட்டைச் சத்தமும். 'குறட்டை விடுறான் சார்' என்று வாயால் சொன்னபோது தலையாட்டிய டாக்டர்கள், அந்த வீடியோவைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள்.

ஸ்பிரேயில் அவனுக்குக் குறட்டை பாதியாகக் குறைந்தது, மூச்சு நிற்பது நிற்கவில்லை. உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஓர் இரவு தூக்கப் பரிசோதனை, பிறகு அடினாய்டையும் டான்சிலையும் எடுத்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் இந்த ஆபரேஷன் வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஐந்திலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகள் 464 பேரை வைத்து நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் செய்யாமல் கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் பரிசோதனை முடிவு இயல்புக்கு வந்துவிட்டது. செய்துகொண்டவர்களில் 79 சதவீதம். ஆகவே அவசரம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதில் கூடுதல் லாபம் இருக்கலாம். அங்கேயே 2014-இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வு, ஆபரேஷனுக்குப் பின் வந்த ஒரு வருஷத்தில் ஆஸ்துமா திடீரென்று முற்றுவது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. மூக்கு அலர்ஜி மட்டும் கத்தியால் போகாது. ஸ்பிரேயைத் தொடர வேண்டியிருக்கும்.

அவன் இப்போது ஆறாம் வகுப்பு. படுக்கை நனைவதில்லை. நெபுலைசர் அபூர்வமாகத்தான் தேவைப்படுகிறது. சேட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. அது அவன் சொத்து போலிருக்கிறது.

இனி என் கோரிக்கை. 2013 முதல் ஆர்.பி.எஸ்.கே. என்னும் மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்ட மருத்துவக் குழு பள்ளிகளுக்கு வருகிறது. அவர்கள் கையில் இருக்கும் நோய்ப் பட்டியலில் வீசிங் இருக்கிறது, காதில் சீழ் இருக்கிறது, சொத்தைப்பல் இருக்கிறது. குறட்டை இல்லை. ஒவ்வொரு தடவை குழந்தையைப் பார்க்கும்போதும் 'குறட்டை விடுகிறதா' என்று கேளுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012 வழிகாட்டுதலில் தன் டாக்டர்களுக்குச் சொல்லியிருக்கிறது. கேட்பதற்குக் காசு செலவில்லை. மலை மாவட்டத்திலாவது வீசிங், தொடர் மூக்கடைப்பு என்று டிக் விழும் பிள்ளைகளிடம் இதையும் சேர்த்துக் கேட்கலாம்: வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் குறட்டை உண்டா, இடையில் மூச்சு நிற்கிறதா, வாயைத் திறந்து தூங்குகிறதா. பதில் பிள்ளைக்குத் தெரியாது, வீட்டிலோ விடுதியிலோ இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்டு என்ன, அப்புறம் கோவைக்கு யார் கூட்டிப்போவது என்று கேட்பார்கள். நியாயம்தான். இலை பறிக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறினால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. நெஞ்சுக்கு ஒரு நாள், மூக்குக்கு ஒரு நாள் என்றால் வரவே மாட்டார். மாதம் ஒரு நாள் குழந்தை மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் மலையிலேயே ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பாதிப் பிரச்சினை தீரும். எல்லோருக்கும் ஒயர் ஒட்டும் பரிசோதனையும் தேவையில்லை. இரவு முழுக்க விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் அளவைப் பதிவு செய்யும் ஆக்சிமீட்டரை வைத்தே, யாரை முதலில் அனுப்ப வேண்டும் என்று பிரிக்கும் முறையைக் கனடாவின் மாண்ட்ரியால் மருத்துவர்கள் வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நம் உயரத்துக்குத் தகுந்தபடி அந்த எண்களைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒரு கருவி வட்டாரத்துக்கு ஒன்று வந்தால், இரவில் அதை யார் மாட்டுவது, கழன்றால் யார் எழுந்து பார்ப்பது என்ற கவலை சுகாதாரத் துறைக்கு வேண்டாம். விடுதிகளில் நாங்கள் எப்படியும் விழித்துத்தான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மாணவர் விடுதிக் காப்பாளர்,
கோத்தகிரி
(பெயர் வெளியிட வேண்டாம்)